பயிரைக் காக்கும் பூச்சிகள்: புதிய ஆராய்ச்சிகளும் ஊவாக் கமக்காரரும்

நெல், மரக்கறிச் செய்கையாளர்க்கு

முன்னுரை

பதுளை மாவட்டத்தில் ஒரே நிலத்தில் இருவகைச் செய்கை நடைபெறுவது வழக்கம். வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை முதலிய மேட்டுப் பகுதிகளின் படிக்கட்டு வயல்களிற் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி, தக்காளி முதலியனவும் பயிராகின்றன. தாழ்நிலமாகிய மகியங்கனையில் நெல்லே முதன்மை பெறுகின்றது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவும் லயன்களை அடுத்த துண்டு நிலங்களில் மரக்கறி செய்கின்றன. இவர்கள் அனைவர்க்கும் பொதுவான செலவு ஒன்றுண்டு. அது பீடைநாசினிச் செலவு.

இலையில் ஒரு துளையைக் கண்டவுடன் மருந்து தெளிப்பது பலரிடம் காணப்படும் பழக்கமாகும். அவ்வாறு தெளித்தும் பீடை குறையாமல், முன்னையிலும் மிகுதியாகத் தோன்றுவதைக் கண்டு கமக்காரர் மனம் சோர்வதுண்டு. மருந்து கலப்படமானது என்றும், காலநிலை கெட்டது என்றும் காரணம் கூறப்படுகின்றது. ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளில் இலங்கையிலும் பிற நாடுகளிலும் நடைபெற்ற ஆராய்ச்சிகள் வேறொரு காரணத்தைத் தெளிவாகக் காட்டியுள்ளன. வயலிற் பீடையைத் தின்று வாழும் பூச்சிகள் மருந்தினால் முதலில் மடிகின்றன; காவலர் இல்லாத வயலிற் பீடை தடையின்றிப் பெருகுகின்றது. இவ்வுண்மையையும், அதனை வயலிற் பயன்படுத்தும் முறையையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. வயலில் வாழும் மூவகைப் பூச்சிகள்

வயலிற் காணப்படும் பூச்சிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பயிரைத் தின்பன ஒரு வகை, இவையே பீடைகள். பீடைகளைத் தின்பன இரண்டாம் வகை; இவை இயற்கை எதிரிகள் எனப்படும். பயிருக்கு நன்மையோ தீமையோ செய்யாது, உக்கும் இலைகளையும் நீரிலுள்ள அழுக்கையும் உண்டு வாழ்வன மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையும் பயனற்றதன்று. போகத்தின் தொடக்கத்திற் பீடைகள் இல்லாத காலத்திற் சிலந்தி முதலியன இவற்றையே இரையாகக் கொண்டு பெருகுகின்றன.

இயற்கை எதிரிகளும் இருவகைப்படும். சிலந்தி, தும்பி, பொறிவண்டு போன்றவை இரையைப் பிடித்துத் தின்னும் இரைகௌவிகள். மற்றவை ஒட்டுண்ணிக் குளவிகள். இவற்றுட் பல கொசுவினும் சிறியவை; மனிதரைக் கொட்டுவதில்லை. இக்குளவி பீடையின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை இடும். அதிலிருந்து வெளிப்படும் குளவிப்புழு பீடையை உண்டு கொன்றுவிடும். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இச்சிறு உயிர்களின் தொழிலே பெரும்பாலான வயல்களில் பீடைகளை அடக்கி வைத்திருக்கின்றது.

2. தேயிலைத் தோட்டம் கற்பித்த பாடம்

இவ்வுண்மைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வரலாறு ஒன்று இலங்கையின் தேயிலை மலைகளிலேயே நிகழ்ந்தது. டோர்ட்ரிக்ஸ் எனப்படும் புழு தேயிலையின் இளம் இலைகளை நூலாற் பிணைத்து, அதனுள் மறைந்திருந்து தின்னும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தேயிலையின் கொடிய பீடைகளுள் ஒன்றாயிருந்தது. இதன் முட்டைத் தொகுதிகளைத் தொழிலாளர் கையாற் பொறுக்கி அழித்தனர். அவ்வுழைப்பினாற் பீடை ஓரளவு குறைந்ததேயன்றி அடங்கவில்லை.

1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொணரப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் விடப்பட்டது. அது இந்நாட்டில் நிலைபெற்றுத் தேயிலை மாவட்டங்களிற் பரவியது. சில ஆண்டுகளுள் டோர்ட்ரிக்ஸ் புழு சிறு பீடையாகத் தாழ்ந்தது. மருந்துச் செலவோ கூலிச் செலவோ இன்றி அக்குளவி ஆண்டுதோறும் தன் தொழிலைச் செய்து வந்தது.

பின்னர் நிகழ்ந்ததே ஊன்றி நோக்கத்தக்கது. தேயிலைத் தண்டிலே துளையிட்டுக் கிளைகளை முறியச் செய்யும் சிறு வண்டு ஒன்றுண்டு. அதனை ஒழிக்கும் பொருட்டு 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் முற்பகுதியிலும் டீல்ட்ரின் என்னும் வலிமைமிக்க பூச்சிநாசினி தெளிக்கப்பட்டது. துளைவண்டு குறைந்தது. ஆனால் தெளித்த தேயிலையில், இருபது ஆண்டுகளாக அடங்கியிருந்த டோர்ட்ரிக்ஸ் புழு மீண்டும் பெருகியது. காரணத்தை ஆராய்ந்தபோது, இலைப் பிணைப்பினுள் மறைந்திருந்த புழுவை விட, வெளியிற் பறந்து திரிந்த குளவியையே அம்மருந்து மிகுதியாகக் கொன்றிருந்தமை தெரியவந்தது. ஒரு பீடைக்கு இட்ட மருந்து மற்றொரு பீடையை வளர்த்துவிட்டது. டீல்ட்ரின் மண்ணிலும் உயிர்களின் உடலிலும் நெடுங்காலம் அழியாது நிற்பதால், 2001 ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் முதலிற் பட்டியலிடப்பட்ட நச்சுப் பொருள்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றின் பாடம் தேயிலைக்கு மட்டும் உரியதன்று. படிக்கட்டு வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அது பொருந்தும்.

3. நெல்வயலிற் கபில நிறத் தத்தி

கபில நிறத் தத்தி நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூடியிருந்து சாற்றை உறிஞ்சும். இது பெருகினால் பயிர் வட்டம் வட்டமாகத் தீயிற் கருகியது போலக் காய்ந்துவிடும். இதனைத் தத்தி எரிவு என்பர்.

இத்தத்தி தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே செலுத்தி வைக்கின்றது. மேலே தெளிக்கும் மருந்து முட்டைகளை அடைவதில்லை. மருந்தினால் தத்திகளும் சிலந்திகளும் மடிந்த பின், ஒரு வாரம் அளவில் முட்டைகள் பொரித்துப் புதிய தத்திக் கூட்டம் வெளிவரும். அப்பொழுது அதனைத் தின்னுதற்குச் சிலந்தி இராது. ஆதலால் தெளித்த வயலிலே தெளியாத வயலினும் மிகுதியான தத்தி தோன்றுகின்றது. பைரித்திரொயிட் வகையைச் சேர்ந்த சில மருந்துகள் இவ்வாறு தத்தியைப் பெருக்குவதைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தோனேசியாவில் 1970-களிலும் 1980-களிலும் இத்தத்தியினாற் பேரழிவு ஏற்பட்டது. மருந்து மிகுதியாகத் தெளித்த இடங்களிலேயே அழிவும் மிகுந்திருந்தமையை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். அதன் விளைவாக 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. கமக்காரர் தம் வயலிலேயே கூடிப் பூச்சிகளை அறிந்து கொள்ளும் வயற் பாடசாலைகள் அங்கே தொடங்கப் பெற்றுப் பின் ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவின. இலங்கையும் அவற்றுள் ஒன்று.

நெல்வயலின் காவலர் எவ்வளவு தொழில் செய்கின்றனர் என்பதும் கணக்கிடப்பட்டுள்ளது. முதுகிற் கவர்முள் போன்ற அடையாளமுடைய ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான பூச்சிகளைத் தின்னும். பச்சை நிறமும் கரிய தலையுமுடைய சிறு நாவாய்ப்பூச்சி ஒன்று, இலையுறையினுள் மருந்து அடையாத தத்தி முட்டைகளைத் தேடி, நாளொன்றுக்கு 7 முதல் 10 வரை உறிஞ்சி அழிக்கும். இதனைத் தத்தி என எண்ணி மருந்தடிப்பது கமக்காரர் தமக்குத் தாமே இழைக்கும் தீங்காகும்.

4. முதல் 40 நாட்கள்

விதைத்த சில வாரங்களில் இலைகள் கிழிந்தும் மடிந்தும் காணப்படின் கமக்காரர் அஞ்சுவர். ஆனால் இளம் நெற்பயிர் இழந்த இலைக்கு ஈடாகப் புதிய இலையையும் மட்டத்தையும் தோற்றுவிக்கும் ஆற்றலுடையது. இவ்வாற்றலை வியட்நாமின் மீகொங் கழிமுகத்துக் கமக்காரர் தாமே சோதித்தறிந்தனர். 1994 ஆம் ஆண்டளவில் அங்கு ஒரு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. வயலில் ஒரு பகுதியை ஒதுக்கி, விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் பூச்சிகளுக்கு மருந்து தெளியாது விட்டு, மற்றப் பகுதியோடு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கமக்காரரைக் கேட்டனர். ஒதுக்கிய பகுதியின் விளைச்சல் குறையவில்லை. தம் கண்ணாற் கண்ட கமக்காரர் மருந்துச் செலவைக் குறைத்துக் கொண்டனர்.

ஊவாவிலும் இச்சோதனையைச் செய்வதற்குத் தடையில்லை. ஒரு படிக்கட்டை மட்டும் ஒதுக்கினாற் போதும். எனினும் பனிப்பூச்சி நாற்றை வாட்டும் வறண்ட காலத்தில் நீரைக் கட்டுதல், நாற்றைச் சிறிது நேரம் நீரில் மூழ்கச் செய்தல் முதலிய முறைகளை மறவாது கையாள வேண்டும்.

5. பயிர் அழைக்கும் காவலர்

அண்மைக் கால ஆராய்ச்சிகளுள் வியப்பூட்டுவது ஒன்று உண்டு. கண்ணும் காதும் இல்லாத பயிர், தன்னைத் தின்னும் பூச்சியின் எதிரியை அழைக்கின்றது என்பதே அது.

1990 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைச் சோளப் பயிரில் தெளிவாகக் காட்டினர். புழு கடித்த சோள இலை சில மணி நேரத்துள் ஒரு தனி வாசனையை வெளியிடுகின்றது. கத்தியால் வெட்டிய இலை அத்தகைய வாசனையை வெளியிடுவதில்லை. வெட்டிய இடத்திற் புழுவின் உமிழ்நீரைத் தடவினால் வெளியிடுகின்றது. அவ்வாசனையைப் பின்பற்றி ஒட்டுண்ணிக் குளவி புழுவிடம் வந்து சேர்கின்றது. 2005 ஆம் ஆண்டிற் சீன ஆராய்ச்சியாளர், நெற்பயிரின் காப்புச் செய்கையைத் தூண்டும் ஒரு பொருளைப் பயிருக்கு இட்டபோது, அப்பயிரின் வாசனையால் ஈர்க்கப்பட்ட குளவிகள் கபில நிறத் தத்தியின் முட்டைகளை மிகுதியாகத் தாக்கியமையை நிறுவினர்.

ஆகவே வயலுக்குக் காவலர் வருவது தற்செயலன்று. பயிர் அழைக்கின்றது, அவை வருகின்றன. அவை வந்து சேரும் வேளையில் மருந்து தெளித்தால், அழைப்பை ஏற்று வந்தவையே மடிகின்றன.

6. இலங்கை நெல்லின் உள்ளே இருந்த காப்பு

பயிரின் காப்பு வெளியில் மட்டுமன்று, விதையினுள்ளும் உண்டு. கபில நிறத் தத்தியைத் தாங்கும் முதல் இனமாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973 ஆம் ஆண்டில் ஐ.ஆர். 26 என்னும் நெல்லை வெளியிட்டது. சில ஆண்டுகளுள் தத்தி அக்காப்பைக் கடந்து விட்டது. ஒரே ஒரு காப்புமுறை பரந்த நிலமெங்கும் பயிராகும்போது, அதனை வெல்லும் தத்தியே பிழைத்துப் பெருகும் என்பது அதனால் அறியப்பட்டது.

அதன் பின் ஆராய்ச்சியாளர் பழைய நெல்லினங்களை நாடினர். இலங்கையின் பாரம்பரிய இனங்களாகிய ரத்து ஹீனட்டியிலும் பாபவீயிலும் தத்தியைத் தாங்கும் தனித்தனி மரபுக்கூறுகள் இருப்பது 1977 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டப்பட்டது. கேரளத்தின் பட்டாம்பியைச் சேர்ந்த பி.ரி.பி. 33 என்னும் இனமும் இத்தகையதே. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 379-2 என்னும் இனம் தத்தியைத் தாங்கும் ஆற்றலை அவ்வினத்திலிருந்து பெற்றது.

ரத்து ஹீனட்டியின் காப்பு எத்தகையது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2015 ஆம் ஆண்டிற் சீன ஆராய்ச்சியாளர் அதனை வெளிப்படுத்தினர். ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த மூன்று மரபுக்கூறுகள் அங்கே சேர்ந்து தொழில் செய்கின்றன. அவை ஆக்கும் புரதங்கள் பயிரின் கலங்களைப் போர்த்துள்ள மென்சவ்விலே காவற்காரர் போல நின்று, தத்தி குத்தியதை உணர்ந்து எதிர்ப்பைத் தூண்டுகின்றன. காப்பு மூன்று கூறுகளாக அமைந்தமையால் அதனைத் தத்தி எளிதிற் கடக்க முடிவதில்லை. இவ்வறிவைக் கொண்டு, நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டைச் சோதித்துக் காப்புடைய கன்றைத் தெரிந்தெடுக்க இன்று இயலும்.

முன்னோர் சேமித்து வைத்த விதை, பேரர் காலத்து ஆராய்ச்சிக்கு உதவியது. ஆகையால் வீட்டில் அருகிவரும் பழைய நெல்லினம் ஏதும் இருப்பின், அதனை அழியவிடாது விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் நன்று.

7. வரம்பிற் பூக்கள்

ஒட்டுண்ணிக் குளவியின் புழு பீடையைத் தின்றாலும், வளர்ந்த குளவி பூவின் தேனை உண்டே வாழ்கின்றது. வரம்புகளை முழுவதும் செதுக்கி வெறுமையாக்கிய வயலில் அதற்கு உணவில்லை. இதனைக் கருத்திற் கொண்டு தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல்வயல் வரம்புகளில் எள் முதலிய தேன் தரும் செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் சோதனை நடத்தினர். 2016 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பூச்செடிகள் வளர்த்த வயல்களிற் பூச்சிநாசினித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

மகியங்கனை போன்ற வெப்பமான இடங்களில் வரம்பில் எள் வளர்க்கலாம். மேட்டு நிலங்களில் மரக்கறிப் பாத்தியின் ஓரத்திற் கொத்தமல்லியைப் பூக்கவிடுதல் எளிது. அதன் சிறு பூக்களை ஒட்டுண்ணிக் குளவிகளும், அழுக்கணவனைத் தின்னும் புழுக்களையுடைய ஈ வகைகளும் நாடி வரும். பூத்த செடிமீது மருந்து படாதவாறு காப்பது இன்றியமையாதது.

8. கோவாச் செய்கையில் வைரமுதுகு அந்துப்பூச்சி

கோவாவின் கொடிய பீடையாகிய வைரமுதுகு அந்துப்பூச்சி, மருந்தைப் பழகிக் கொள்வதில் உலகிற் பெயர் பெற்றது. 1953 ஆம் ஆண்டில் ஜாவாவில் டீ.டீ.ரீ. மருந்துக்கு இது சாகாமை அறிவிக்கப்பட்டது. அதன் பின் தோன்றிய மருந்து வகைகள் பலவற்றையும் இது பழகிக் கொண்டது. வலிமை கூடிய மருந்தைத் தேடி ஓடுவதால் இப்பீடையை வெல்ல இயலாது என்பதற்கு இதுவே சான்று.

மலேசியாவின் கமரன் மலைநாடு, ஊவாவைப் போலவே தேயிலையும் மரக்கறியும் செழிக்கும் மலைப்பிரதேசம். அங்கு 1970-களின் நடுப்பகுதியில் டயடெக்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொணர்ந்து விடப்பட்டது. கடும் மருந்துகள் தொடர்ந்து தெளிக்கப்பட்ட வரை அதன் பயன் தெரியவில்லை. கமக்காரர் கடும் மருந்தைக் குறைத்துப் பீ.ரீ. எனப்படும் பற்றீரிய மருந்தைக் கையாளத் தொடங்கிய பின்பே குளவி பெருகிப் பீடையை அடக்கியது.

பீ.ரீ. என்பது மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியம். 1901 ஆம் ஆண்டில் யப்பானிற் பட்டுப்புழு நோயை ஆராய்ந்தபோது இது கண்டறியப்பட்டது. இது ஆக்கும் புரதத்தை இலையோடு தின்ற புழுவின் குடல் துளைபட, சில மணி நேரத்திற் புழு தின்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களில் இறக்கும். குளவி இலையைத் தின்பதில்லையாதலால் அதற்குத் தீங்கில்லை. சூரிய ஒளி இம்மருந்தை அழிக்குமாதலால், மாலையில், இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளித்தல் வேண்டும். இம்மருந்தையும் இடைவிடாது தெளித்தால் பீடை பழகிவிடும். 1990 ஆம் ஆண்டில் ஹவாயித் தீவிலிருந்து வந்த அறிவிப்பு இதனை உணர்த்தியது. ஆதலின் தேவை கண்டே இதனையும் கையாள வேண்டும்.

9. புதிதாக வந்த பகைவர்

வேற்று நாட்டிலிருந்து வரும் பீடைக்கு இந்நாட்டில் உரிய எதிரி இராது. ஆகையால் அது விரைந்து பெருகும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இத்தகையது. பப்பாசி மரங்களை மூடிய இப்பீடையை எதிர்க்க, 2009 ஆம் ஆண்டில் அசரோபேகஸ் என்னும் சிறு குளவி வெளிநாட்டிலிருந்து வருவித்து விடப்பட்டது. அடுத்த ஆண்டில் அதே குளவி தமிழ்நாட்டிலும் விடப்பட்டது. இரு நாடுகளிலும் பீடை அடங்கியது. 1935 ஆம் ஆண்டில் தேயிலைக்குச் செய்த அதே முறை, எழுபது ஆண்டுகளின் பின்னும் பயன் தந்தது.

2018 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இலங்கைக்கு வந்தது. சேனாப் புழு என்றும் இதனை அழைப்பர். ஊவாவின் மொனராகலை மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளிலும் சோளம் முக்கிய பயிராதலின், சோளச் செய்கையாளர் வாரந்தோறும் குருத்தைச் சோதித்தல் வேண்டும். தலையிலே தலைகீழான வை எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடும், வால்புறத்திற் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளம். புழு சிறிதாயிருக்கும் போதே முட்டைத் தொகுதியையும் புழுவையும் கையால் நசுக்குதல் சிறு தோட்டங்களுக்கு ஏற்ற முறையாகும்.

10. வயலை நோக்கும் முறை

புதிய அறிவு எல்லாம் ஒரு செயலில் வந்து முடிகின்றது. அது வாரம் ஒருமுறை வயலில் இறங்கி எண்ணிப் பார்ப்பதாகும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

நெல்வயலில்: காலையில் வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக நடந்து, பத்து இடங்களில் நின்று நோக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பயிர்க்குத்தைச் சற்றுச் சாய்த்து அடியிலே தட்டினால் தத்திகள் நீரில் விழும். விதைத்த வயலாயின் கைப்பிடியளவு தண்டுகளைப் பிடித்துத் தட்டலாம். தத்தி, சிலந்தி, பச்சை நாவாய்ப்பூச்சி ஆகியவற்றைத் தனித்தனி எண்ணிக் குறித்துக் கொள்ள வேண்டும். தண்டுகளையும் எண்ண வேண்டும்.

உதாரணமாகப் பத்து இடங்களில் 120 தண்டுகளும் 60 தத்திகளும் இருப்பின், இரண்டு தண்டுக்கு ஒரு தத்தி எனக் கணக்காகும். சிலந்திகளும் இருப்பின் மருந்து வேண்டியதில்லை. மூன்று நான்கு நாட்களின் பின் மீண்டும் எண்ண வேண்டும். தண்டுக்கு ஒரு தத்தி என்னும் அளவை எண்ணிக்கை அணுகினால் நீரை வடித்து மூன்று நான்கு நாட்கள் வயலைக் காயவிடலாம்; யூரியா இடுவதை நிறுத்த வேண்டும். யூரியா மிகுந்த பயிர் தத்திக்கு விருந்தாகும். அவ்வளவைக் கடந்து, காவலரும் அரிதாயிருப்பின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையை உடனே பெறுதல் வேண்டும்.

கோவாப் பாத்தியில்: இருபது செடிகளின் இலையடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தொட்டவுடன் நெளிந்து நூலிலே தொங்கும் சிறு பச்சைப்புழு பீடை. வலை போன்ற கூட்டினூடே பச்சைக் கூட்டுப்புழு தெரிந்தால் அதுவும் பீடையே. உள்ளே எதுவும் தெரியாதவாறு அடர்த்தியாகப் பின்னிய சிறு வெண்கூடு குளவியினுடையது, அதனை நசுக்கலாகாது.

அழுக்கணவன் படிந்த செடியில்: உருண்டு பருத்துக் கபில நிறமாக அசையாதிருக்கும் அழுக்கணவன்கள் குளவியால் தாக்கப்பட்டவை. இவை பலவாயின் குளவி தொழில் செய்கின்றது என அறிந்து பொறுத்திருக்கலாம்.

11. புதிய கருவிகள்

கைத்தொலைபேசியால் எடுத்த தெளிவான படம், பூச்சி இன்னதென அறிய உதவும். படத்தைப் போதனாசிரியருக்குக் காட்டியோ, 1920 என்னும் இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை அழைத்தோ விளக்கம் பெறலாம். ஆண் அந்துப்பூச்சியைப் பெண்ணின் வாசனையால் ஈர்க்கும் பொறிகள், பீடை வந்து சேர்ந்த நாளை முன்னரே அறிவிக்கும். இவ்வாசனைப் பொருளின் அமைப்பு முதன்முதல் 1959 ஆம் ஆண்டிற் பட்டுப்பூச்சியில் அறியப்பட்டது. ஆளில்லா வானூர்தியால் மருந்து தெளிக்கும் முறையும் இப்பொழுது இந்நாட்டில் வழக்கத்திற்கு வந்துள்ளது. முதுகிற் கருவி சுமக்கும் உழைப்பையும், மருந்து உடலிற் படுவதையும் அது குறைக்கும். ஆனால் தெளிப்பது எளிதாயிற்று என்பதற்காக அடிக்கடி தெளித்தலாகாது. எப்பொழுது தெளிப்பது என்பதை வானூர்தி கூறாது, எண்ணிக்கையே கூறும்.

12. மருந்து இன்றியமையாத வேளை

இயற்கை எதிரிகள் எல்லாப் போகத்திலும் பீடையை முற்றாக அடக்கும் என்பதில்லை. எண்ணிக்கை எல்லையைக் கடந்தால் மருந்து வேண்டியதே. அவ்வேளையிற் கவனிக்க வேண்டியவை:

(அ) 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பெற்ற மருந்தையே, சிட்டையிற் குறித்த பயிருக்கும் குறித்த அளவிலும் பயன்படுத்த வேண்டும்.

(ஆ) பீடை கூடியுள்ள இடத்திற்கு மட்டும் தெளித்தல் நன்று. தத்திக்கு அடித்தண்டை நோக்கித் தெளிக்க வேண்டும்.

(இ) ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து கையாளாது வகையை மாற்ற வேண்டும். பெயர் வேறாயினும் வகை ஒன்றாயிருக்கலாம். சிட்டையை வாசித்தறிதல் வேண்டும். பல மருந்துகளை ஒன்றாகக் கலத்தல் தவறு.

(ஈ) தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே சிட்டையிற் கூறிய நாட்கள் கழிந்த பின்பே மரக்கறியைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

(உ) கருவியை ஓடையிற் கழுவலாகாது. வெலிமடை மலைகளின் நீர் உமா ஓயாவிலும், பதுளை மலைகளின் நீர் பதுளு ஓயாவிலும் சேர்ந்து மகாவலியை அடைகின்றது. மேட்டு நிலத்தார் கழுவி விட்ட நஞ்சு, கீழே உள்ளவரின் குடிநீரிற் கலக்கும்.

முடிவுரை

தேயிலை மலையிற் குளவி வந்த நாள் தொடக்கம் ரத்து ஹீனட்டியின் இரகசியம் வெளியான நாள் வரை, ஆராய்ச்சிகள் பலவாயினும் அவை கூறும் செய்தி ஒன்றே. பயிரைக் காக்கும் படை ஒன்று வயலில் முன்னரே நிற்கின்றது. அதனை அறியாது அழிப்பவர், அப்படை செய்த தொழிலைத் தம் பணத்தாற் செய்ய வேண்டியவராகின்றனர்.

வரும் போகத்தில் ஒவ்வொரு கமக்காரரும் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்து, வாரந்தோறும் எண்ணியதை எழுதி வருவாராக. அயலவர் நால்வர் சேர்ந்து எண்ணுவது இன்னும் நன்று. ஒருவர் கண்ணிற் படாதது மற்றவர் கண்ணிற் படும். போக முடிவில் மருந்துக்குச் செலவிட்ட பணத்தையும் பெற்ற விளைவையும் முந்திய போகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கு கூறியவற்றின் பயனை அவர் தம் கணக்கிலேயே காண்பார்.